ஏரித் திட்டம், மாடி வீடு

என் முகவரியில் ஓர் ஏரி இருக்கிறது. முகப்பேருக்கு வாடகைக்கு வந்த புதிதில் ஆட்டோக்காரர்களிடம் ‘ஏரி ஸ்கீம் போகணும்ணே’ என்று தினமும் சொல்லியும் அது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டு வசதி வாரியம் ஏரியில் மனை பிரித்து வீடு கட்டியது. தண்ணீர் போய்விட்டது. பெயர் மட்டும் தபால்காரருக்காக நின்றுகொண்டிருக்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு சார் ஒரு மனுவோடு மாடியேறி வந்தார். வீட்டு உரிமையாளர், ஓய்வுபெற்றவர், குடியிருப்போர் நலச்சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். நான்கு தெரு தள்ளியுள்ள காலியிடத்தின் நிலப் பயன்பாட்டை மாற்றிச் சின்னச் சின்ன வீடுகளாக அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். அரசுக் குடியிருப்பு என்று ஒரு பேச்சு, தனியார் பில்டர் என்று ஒரு பேச்சு.

“பேப்பர்ல நோட்டீஸ் வந்திருக்கு தம்பி. இருபத்தோரு நாள்தான் டைம். ஒரு கையெழுத்து போடுங்க.”

மனுவில் மூன்று காரணங்கள் இருந்தன: சாக்கடை, குடிநீர், போக்குவரத்து. மூன்றும் உண்மை. நான்காவதைத் தாளில் எழுதவில்லை, வாசலில் நின்று சொன்னார். “யார் யாரைக் கொண்டாந்து வைப்பாங்களோ. நம்ம ஏரியா நம்ம ஏரியாவா இருக்கணும்ல?” (ஏரி போன பிறகுதான் ஏரியா வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. வாடகை பாக்கி இருந்ததால் விழுங்கிவிட்டேன்.)

எனக்குக் குத்தியது வேறு. ஆறு மாதம் முன்பு சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றி நான் ஏதோ கேட்டபோது, “டெனன்ட்டுக்கு ஓட்டு கிடையாது, உக்காருங்க தம்பி” என்றவரும் இவர்தான். இப்போது எண்ணிக்கைக்கு ஆள் தேவைப்படுகிறது, நானும் ‘பகுதிவாசி’ ஆகிவிட்டேன்.

ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? அங்கே நிலம் வைத்திருப்பதாலா, வெறுமனே வசிப்பதாலா, முதலில் வந்துவிட்டதாலா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் கல்லில் வெட்டிய பதிலே இருக்கிறது. குடவோலை முறைக்காக நாம் பெருமையோடு காட்டும் உத்திரமேரூர் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், 921. வாரியத்துக்குப் பெயர் எழுதிப் போட வேண்டுமென்றால் வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில். அது பிராமணர்களின் சபை, வேதக் கல்வியும் தகுதிகளில் ஒன்று. பள்ளிப் பாடத்தில் குடத்தைச் சொன்னார்கள், கால்வேலியைச் சொன்னதாக நினைவில்லை. ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் எங்கள் சங்க விதியில் அந்தச் ‘சொந்த மனை’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களிடம் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது, ஏரியைப் பார்த்துக்கொள்ள. நம் காலத்து வாரியம் ஏரிக்குள் வீடு கட்டியது.

சார் மீது முழுப் பழியையும் போட முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் கதவே ரொம்பச் சின்னது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நில வகைப்பாட்டை முடிவு செய்வது எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சிஎம்டிஏ. நாளிதழின் ஒரு மூலையில், சர்வே எண்களோடு பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். பாதிக்கப்படுபவரோ அக்கறை உள்ளவரோ 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கிராமங்களில் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரத்துக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்ததே 2022 நவம்பரில்தான். அதிலும் தெருவிளக்கு, குப்பை, சாலை என்றுதான் பேச்சு போகும். ஆவடியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1955 காங்கிரஸ் மாநாட்டில் தேசம் முழுவதும் எந்த மாதிரி சமுதாயமாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்ட ஊர். தன் தெருவில் எத்தனை மாடி எழும்பும் என்பது அந்த ஊர்க்காரருக்குக் கட்டிடம் எழும்பிய பிறகுதான் தெரிகிறது.

குடியிருப்பவர்கள் வாய் திறப்பதால் நடக்கும் நல்லதும் உண்டு. ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் கொரட்டூர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் கத்தவில்லை என்றால் அதுவும் இன்னொரு ‘ஸ்கீம்’ ஆகியிருக்கலாம்.

ஆனால் கொரட்டூர் மனுவும் சார் கொண்டுவந்த மனுவும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. அவர்கள் ஏரியைக் காப்பாற்றக் கேட்டார்கள். நாங்கள், ஏரியை முழுங்கிய பிறகு, அடுத்தவருக்கு இடம் இல்லை என்கிறோம்.

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர்ப் பக்கம் அனுமதியில்லாத மனை வாங்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2016-இல் உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. அடுத்த வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைப்பிரிவு என்றால் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். மிச்சம் பிடித்து முக்கால் கிரவுண்டு வாங்கியவர்களை வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அதன் உள்ளே இருக்கும் நீதி உறுத்துகிறது. முதலில் வந்தவரின் தப்பு கட்டணத்தோடு முடிகிறது, பிந்தி வருபவருக்குத்தான் சட்டம். எங்கள் மனுவும் அந்த வகைதான்.

பிந்தி வருபவர் யார்? கூவம் கரையில் பிறந்து வளர்ந்து, ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று பெயர்த்தெடுக்கப்பட்டு அம்பத்தூர் அத்திப்பட்டிலும் திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் வைக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்த 21 நாள் அறிவிப்பில் வரும் ‘பாதிக்கப்படுபவர்’ என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்கள் எந்தத் தெருவின் பகுதிவாசியாக நின்று மனு எழுதியிருக்க முடியும்? விட்டுவந்த கரையில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். வந்த இடத்தில் ‘கொண்டாந்து வைக்கப்பட்டவர்கள்’. இப்போது 2046 வரைக்குமான மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கு வேலை நடக்கிறது. அந்த வருடம் இங்கே குடியிருக்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள்.

அதனால் ஏரிக்குள் வீடு வைத்திருப்பவன் ‘இனிமேல் கட்டாதே’ என்று சொல்லவே கூடாது என்பதல்ல. சொல்பவனின் வீடு எங்கே நிற்கிறது என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. வெள்ளம் வந்தால் புது வீடுகளுக்குள்ளும்தான் வரும். ஆனால் மனுவின் முதல் வரியில் அதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்: நாங்கள் ஏரியில் இருக்கிறோம், எங்களுக்கு இதில் இன்னின்ன லாபம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. தனியாக ஒரு கடிதம் எழுதினேன். மழைநீர் வடிகாலை முதலில் போடுங்கள், நீர்ப் பாதை எங்கே இருந்தது என்று பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதை மறிக்காமல் கட்டுங்கள், சின்ன வீடுகள் வரட்டும். கடைசியில் உண்மையையும் சேர்த்தேன்: நான் வாடகைக்கு இருப்பவன், நிறைய வீடு வந்தால் வாடகை குறையும் என்ற ஆசை எனக்கு உண்டு. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. காலியிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, யார் கடிதத்தால் என்று தெரியாது.

சாரிடம் கடிதத்தின் நகலைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “வாடகை குறையணுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு மாதம் பேச்சு இல்லை. வாடகையை மனைவி கையில்தான் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி கீழிருந்து குரல். 2015-இல் முழங்காலுக்கு நின்ற தண்ணீரின் கோடு இன்னமும் அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெயிண்டுக்கு அடியில் தெரியும்.

“தம்பி, நாளைக்கு ரெட் அலர்ட்டாம். மோட்டாரைக் கழட்டி மேல வெக்கணும். ஒரு கை பிடிங்க.”

இறங்கிப் போனேன்.