அகலமான படகு

வயதான காலத்தில் மனிதன் ஆட்டம் குறைந்த வழியைத் தேடுவது விவேகமா, கோழைத்தனமா? இந்தக் கேள்வியை நான் யாருக்காகவோ கேட்கவில்லை. மகன் வாங்கித் தந்த கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சார்த்திவிட்டு, புழல் ஏரிக்கரையில் வெறுங்கையோடு நடந்து காட்டும் வீம்பு எனக்கும் உண்டு.

கொசஸ்தலை ஆற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மறித்துச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்புகிறார்கள். மிஞ்சிய நீர் எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். நாற்பது வருஷம் கட்டுமரத்தில் போனவர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோதும் மரத்தை விடாதவர். சென்ற மாதம் போனபோது, மருமகனோடு கூட்டாக ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கப் போவதாகச் சொன்னார். நல்ல அகலமான படகாம்.

"பயமா, பெரியவரே?" என்று கேட்டுவிட்டேன்.

கட்டுமரம் என்பது சில கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததுதான். அலை இடுக்கு வழியே ஏறி இறங்கிப் போய்விடும். ஆகவே அது மூழ்குவதில்லை. ஆனால் மேலே நிற்பவனை உருட்டிவிடும். விழுந்தவன் நீந்திவந்து தொற்றி ஏறவேண்டும். அது இளமையின் கணக்கு.

"பயம் இல்லீங்க ஐயா. வுழுந்தா ஏறிக்கலாம்னு இத்தினி நாளா போனேன். இப்பத் தோளு ஏற வுட மாட்டேங்குது. நான் வுழுந்தா, என்னைத் தேடிக்கினு நாலு புள்ளைங்க கடலுக்கு வரணும். அதுங்க உசிரு என்னுதா?"

சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். சின்ன மரமானால் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாமே இழுத்துப் போட்டுக் காயவைத்துவிடலாம். படகு தண்ணீரில் ஆடாமல் நிற்கும். மணலில் ஏற்றுவதற்கு நாலு தோள் வேண்டும்.

"தெனம் யாரையாச்சும் கூப்புடணும். அதாங்க வெக்கமா இருக்குது."

அந்த வெட்கம் என்னையும் சுட்டது. அகலமான படகை வாங்குகிறவன் பத்திரத்தை வாங்குகிறான் என்றே நினைத்திருந்தேன். அதோடு தினசரிக் கடன் ஒன்றையும் அவன் வாங்குகிறான். அகலம் கூடினால் பாரம் கூடும். பாரம் கூடினால் பிறர் கை வேண்டும். ஆனால் ஒண்டியாகப் போகிறவனுக்கு மட்டும் பிறர் கை வேண்டாமா? அவன் அதைக் கேட்பதில்லை. ஒருநாள் அவர்களைத் தேடவைத்துவிடுகிறான். முன்கூட்டிக் கேட்பவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் தடியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கரையிலிருந்து இறங்கும் சரிவில் தடி மட்டும் போதவில்லை. பின்னால் வந்த பையனை, "தம்பி, கொஞ்சம் தோள் கொடப்பா" என்று கூப்பிட்டேன். கொடுத்தான்.

வெட்கமாகத்தான் இருந்தது.