நந்தி விலகினார்... நாம் விலகக் கூடாதா?

பிரதோஷ வேளை. சென்னையில் ஒரு சிவன் கோயில். நந்திக்கு அபிஷேகம் முடிந்து, திரை விலகி, தீபாராதனை மணி ஒலித்தது. கூடவே மின்சார மேளமும் அதிர்ந்தது. எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிய அந்த நொடியில், நாலு வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். ''சந்நிதியில் இப்படியா? பிள்ளையை அடக்கத் தெரியாதா?'' என்று அதட்டினார் ஒரு பெரியவர். தீபத்தைப் பார்க்காமலேயே, மகனை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள் அந்தத் தாய்.

செருப்பு விடும் இடத்தில் அவளைப் பார்த்தேன். பையன் அமைதியாகியிருந்தான். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். ''இனிமே கோயிலுக்கே வர வேண்டாம்னு இருக்கேன் மாமி. வீட்ல ஏதோ தோஷம்கறாங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?'' என்றாள்.

அவள் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன். கோயில் சத்தத்தைத் தாங்க முடியாத குழந்தை, தெய்வத்துக்கு ஆகாத குழந்தையா?

சில குழந்தைகளுக்குப் புலன்கள் மிகவும் கூர்மையாக இருக்கும். நமக்கு மங்கல ஓசையாகக் கேட்பது, அவர்களுக்குக் காதருகே வெடிக்கும் வெடி. பட்டுப் பாவாடையின் ஜரிகை ஊசியாகக் குத்தும். நெற்றியில் விபூதி பட்டதும் துடைத்துக்கொள்வார்கள். சாம்பிராணிப் புகையும் கூட்டமும் மூச்சை முட்டும். ஆட்டிஸம் உள்ள குழந்தைகள் பலரிடம் இது உண்டு. ஆட்டிஸம் இல்லாத சிலரிடமும் உண்டு. இது பிடிவாதம் அல்ல. வளர்ப்பின் குறையும் அல்ல. குழந்தை நல மருத்துவரிடம் காட்டினால், தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடம் அனுப்புவார். பரிகாரம் செய்ய மனம் விரும்பினால் செய்யுங்கள். ஆனால், அதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

''பழக்கினால் சரியாகிவிடும்'' என்பார்கள் பெரியவர்கள். அதில் பாதி உண்மைதான். மெல்ல மெல்லப் பழக்கினால், பல குழந்தைகள் பழகிக்கொள்வார்கள். கையைப் பிடித்து இழுத்து, கூட்டத்துக்கு நடுவே நிறுத்திப் பழக்கினால், குழந்தை கற்றுக்கொள்வது பக்தியை அல்ல, பயத்தை. கோயில் என்றாலே நடுங்கும் பிள்ளையாக வளர்ப்பது எந்தப் புண்ணியத்தில் சேரும்?

வைத்தீஸ்வரன்கோவிலுக்கு அருகே இருக்கிறது திருப்புன்கூர். உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நின்று ஏங்கினார் நந்தனார். சிவபெருமானை அவர் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்காக, நந்தி சற்றே விலகியது. இன்றும் அங்கே நந்தி விலகியே இருப்பதைத் தரிசிக்கலாம். அன்று நந்தனாரைத் தடுத்தது மனிதர்கள் போட்ட வேலி. இந்தக் குழந்தையைத் தடுப்பது சத்தமும் நெரிசலும். ஆனால், ஈசன் செய்தது என்ன? 'நீ மாறி வா' என்று பக்தனிடம் சொல்லவில்லை. வழியில் இருந்ததை விலகச் சொன்னார்!

நாமும் அப்படி எதை எதை விலக்கலாம்?

பிரதோஷத்தன்று வேண்டாமே, கூட்டமில்லாத ஒரு நாள், தீபாராதனை முடிந்த பிறகு அழைத்துச் செல்லுங்கள். 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்பது நம் வழக்கு. முதல் நாள் வெளியே நின்று கோபுரத்தை மட்டும் காட்டுங்கள். அடுத்த முறை வெளிப் பிராகாரம், தல விருட்சம். அவன் திரும்பலாம் என்றால், மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். பட்டு வேண்டாம், பழகிய பருத்திச் சட்டை போதும். விபூதியை அவன் கையிலேயே கொடுங்கள், இட்டுக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால், 'பூமுடி' கொடுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வீட்டுப் பூஜையில் மணி அடிக்காமல் கற்பூரம் காட்டினால், அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அங்கே எழுந்தருளுவதற்காக, காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கையே வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னவர் சிவபெருமான். உங்கள் வீட்டின் நிசப்தமான பூஜைக்கு மட்டும் வரமாட்டாரா, என்ன?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்காக உங்கள் தரிசனத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். கணவரோ மாமியாரோ பத்து நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மட்டும் போய், சந்நிதியில் நிம்மதியாக நின்றுவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தைத் தருவதும் அவர்களுக்குப் பூஜைதான்.

கோயிலுக்கு வரும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு குழந்தை அலறினால், திரும்பி முறைக்காதீர்கள். ''மேளத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்'' என்று கோயில் ஊழியரிடம் கேளுங்கள். அந்தத் தாய்க்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். தீபத்தைக் காண முடியாமல் ஓடியவளுக்கு, பிரசாதத்தையாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்று நானும் சும்மாதான் நின்றேன். அவள் கண்ணீரைப் பார்த்த பிறகே இத்தனையும் தோன்றியது. நந்தியே நகர்ந்தது. நாம் இரண்டடி நகரக் கூடாதா?