தெருத்தெருவாகப் படிக்க வேண்டிய நாவல்

1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு ஆலன் மூர் தூரத்துச் சொந்தம்தான். அந்த மாயாவியை ‘ஆல்பியன்’ தொடரில் மறுபடி நடமாடவிட்ட கதைத் திட்டம் அவருடையது. ‘வாட்ச்மென்’ எழுதியவரும் அவரே. 2016-இல் அவர் தந்த ‘ஜெரூசலேம்’ நாவலிலோ படக்கட்டங்கள் கிடையாது. 1,200 பக்கங்களுக்கு மேல் எழுத்து, எழுத்து, எழுத்து.

மூர் பிறந்து வளர்ந்த நார்தாம்ப்டனில் ‘பரோஸ்’ என்னும் ஏழைகளின் குடியிருப்புதான் களம். அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அங்கே வாழும் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, தொண்டையில் மிட்டாய் சிக்கி, சில நிமிடங்கள் உயிரற்றுக் கிடக்கிறது. நாவலின் நடுப்பாகம் முழுவதும் அந்த நிமிடங்களுக்குள் நடக்கிறது. இன்னோர் அத்தியாயம் ஜேம்ஸ் ஜாய்ஸின் மகள் லூசியாவைப் பற்றியது. 1951 முதல் 1982-இல் இறக்கும்வரை அவ்வூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர் அவர். அந்த அத்தியாயத்தில் சொற்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கண்ணை ஓட்டினால் எதுவும் பிடிபடாது. வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் பொருள் மெல்ல வந்து சேரும்.

இத்தனை சிரமம் எதற்கு? நடந்தது எதுவும் போய்விடுவதில்லை, ஒவ்வொரு கணமும் தன் இடத்தில் நிலைத்திருக்கிறது என்பது மூரின் நம்பிக்கை. காமிக்ஸ் வாசகருக்கு இது பழகிய விஷயம் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. நம் கண் ஐந்தாம் கட்டத்தில் நிற்கும்போதும் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் அதே தாளில்தான் இருக்கின்றன. ‘வாட்ச்மென்’ கதையின் டாக்டர் மன்ஹாட்டன் தன் வாழ்வை அப்படித்தான் ஒருசேரப் பார்க்கிறார். ‘ஜெரூசலேம்’ அந்தத் தாளை ஓர் ஊரின் அளவுக்கு விரிக்கிறது.

பெங்களூரில் இருந்துகொண்டு படிக்கையில் மூரின் அந்த நம்பிக்கை இன்னும் நெருங்கி வருகிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில். கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது சம்பங்கி ஏரியில். தூர்த்தவர்கள் கணக்கில் இரண்டும் முடிந்த கதை. ஆனால் சித்திரை முழுநிலவையொட்டிய கரகத் திருவிழாவில், தமிழ் வேர் கொண்ட திகளர்கள் சடங்குக்கு இன்றும் சம்பங்கிக்கு வருகிறார்கள். அதற்காகவே அங்கே சிறு குளம் ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள். கண்ணில் படுவது குளம். அவர்கள் வந்து சேருவது அந்தப் பழைய ஏரிக்கு. ஏரி இருப்பது அவர்களுடைய இந்த வருகையில்தான்.

பரோஸுக்கு அப்படி ஒரு திருவிழா இல்லை. அதனால்தான் மூர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உட்கார்ந்து அதன் சந்துபொந்தெல்லாம் எழுதினார். வாசகர் தெருத்தெருவாக, மூச்சு வாங்க நடந்து வந்தால்தான் அந்த ஊர் இருக்கும். அங்கே நிற்க ஒன்றுமில்லை என்று கடந்துபோனவர்கள்தான் அதை இடித்தார்கள். தன் பக்கங்களையும் அப்படி யாரும் கடந்துவிடக் கூடாதென்றே அவர் இவ்வளவு கடினமாக எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.