பூட்டில்லாத பாட்டு

திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? அதற்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நிலக்கோட்டைப் பக்கம் நாற்று நடுகிறவளின் பாட்டுக்கு ஏது பூட்டு? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியன் மறைந்த பின்னும் 60 ஆண்டு காவல் நிற்கிறது. பெயர் தெரியாத பழம்பாட்டுக்கு அந்தக் காவல் இல்லை.

2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி'யை உலகமே கேட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அதில் வைத்தார் தெருக்குரல் அறிவு. 2024-ல் வந்த தம் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார்.

அந்தப் பெயர் எனக்குச் சுருக்கென்றது. இழவு வீட்டில் கேட்ட ஒப்பாரியை என் கதையில் சேர்த்துக்கொண்டவன் நான்; பாடியவளின் பெயரைக் கேட்கவில்லை. சட்டம் என்னைத் திருடன் என்னாது. அதனால் நான் யோக்கியனாகிவிடுவேனா? கடனைத் தீர்க்க முடியாமல் போகலாம். கடன் என்று ஒப்புக்கொள்ளவாவது வேண்டாமா?