“அவர் சுபாவம் அப்படி”

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து, விரல்களில் மருந்து வாடை மாறாமலே ஒரு தாய் நமது பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். கணவர் வேறொரு வீட்டுக்குப் போய்வருகிறார் என்பது அவரது முறையீடு. பொறுமையாகக் கேட்டோம். கேட்டபின், “அவர் சுபாவம் அப்படியம்மா, நீங்கள்தான் பொறுத்துப்போக வேண்டும், செபியுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அதே ஆண்டில் வேறொரு குடும்பத்தில் மனைவியின் மேல் அதே பழி விழுந்தது. அங்கே சுபாவம் என்ற சொல்லே நம் வாயில் வரவில்லை. பாவம் என்றோம், துரோகம் என்றோம். இதையறிந்த மூதாட்டி ஒருவர், அன்பியக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “சாமி, சுபாவமெல்லாம் ஆம்பிளைக்கு மட்டுந்தானா?”

இந்த இரட்டை அளவுகோல் நமக்கு மட்டும் உரியதன்று என்று ஆறுதல் கொள்ளலாம். கிறிஸ்தவர்களுக்கென 1869-இல் இயற்றப்பட்ட மணமுறிவுச் சட்டத்தில், மனைவி பிறழ்ந்தாள் என்பது கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ அது மட்டும் போதாது, கொடுமை அல்லது கைவிடல் போன்ற வேறொன்றையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை இதுவே நிலை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவோ பிறன்மனை புகுந்தவனைத் தண்டித்தது. ஆனால் முறையிடும் உரிமை அந்தப் பிறனுக்கே. கைவிடப்பட்ட மனைவிக்கு இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. குற்றமன்று என நாட்டுச் சட்டம் சொல்வதால் மனச்சான்றின் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. மணமுறிவுக்கு அது இன்றும் காரணமே. யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டதாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவள் பெண் மட்டுமே. அந்த ஆண் எங்கே போனான் என்று கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை.

அது கிடக்கட்டும். சுபாவம் என்று நாம் சொல்வது வெறும் சாக்குத்தானா?

ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தை தன்னைப் பேணுபவரோடு கொள்ளும் பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு அடித்தளம் என்றார். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற அம்மையார், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளை ஓர் அறையில் சிறிது நேரம் தாயைப் பிரியவிட்டு, தாய் திரும்பும்போது அவை என்ன செய்கின்றன என்று உற்றுநோக்கினார். சில குழந்தைகள் அழுது, தாயைத் தழுவி, விரைவில் தேறின. சில தாயைப் பற்றிக்கொண்டும் ஆறுதல் பெறாமல் சினந்தன. சிலவோ தாய் வந்ததையே காணாததுபோல் முகந்திருப்பிக்கொண்டன. இந்த மூவகை மனங்களையும் வளர்ந்தோரின் காதலிலும் காணலாம் என்று 1987-இல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் பலவற்றில், முகந்திருப்பும் மனம் உடையோர் துணைக்குத் துரோகம் செய்வதை அவ்வளவு பெரிதாக எண்ணாத போக்குக் காணப்பட்டது. பொறுப்புணர்வும் இணக்கமும் குறைந்த ஆளுமை உடையோரிடமும் அவ்வாறே. ஏங்கும் மனமோ சிறு விலகலிலும் துரோகத்தைக் கண்டு பதறுகிறது. இவையெல்லாம் சாய்வுகளே; விதிகள் அல்ல.

நமது கரிசல் பூமிக்கு இது புதிய செய்தியன்று. வானம் பார்த்த மண். மழை பொய்த்த ஆண்டுகளில் தகப்பன் பிழைப்பைத் தேடி வெளியூர் போனான். தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். விடியுமுன் வந்த வண்டியில் பிள்ளைகளும் ஏறிப்போன காலம் ஒன்று இருந்தது. அப்படி வளர்ந்தோர் எல்லாரும் பிறழ்ந்தார்கள் என்று சொல்பவன் இவ்வூரை அறியாதவன். எத்தனையோ பேரை ஆச்சிகளின் கைகள் தாங்கின. பிள்ளைக்கு வேண்டியது மாறாத ஒரு கை. அது பெற்றவளின் கையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. பிறழ்பவனுக்கு மட்டுமா சுபாவம்? தீர்ப்பிடுகிறவனுக்கும் உண்டு. நாம் சிறுவயதிலேயே இளங்குருமடத்தில் சேர்ந்தோம். முதல் சில இரவுகள் அழுதோம். பின்னர் அழாமலிருக்கக் கற்றோம். யாரையும் தேடாதிருப்பதே பக்குவம் என்று எண்ணிக்கொண்டோம். அத்தாயின் கண்ணீரை நாம் அத்தனை எளிதாகக் கடந்துபோனது ஞானத்தினாலா, அல்லது அந்தப் பழைய முகத்திருப்பலாலா? பின்னதுதான் என்று அஞ்சுகிறோம்.

திருச்சபைச் சட்டம் மனித சுபாவத்தை அறியாததன்று. திருமணத்தின் இன்றியமையாக் கடமைகளை ஏற்க உளவியல் காரணங்களால் இயலாதவரின் திருமண இசைவு செல்லாது என்கிறது 1095-ஆம் சட்டம். ஆயினும் இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் உரோமை ரோட்டா நீதிமன்றத்தாரிடம் உரையாற்றியபோது, கடினம் வேறு, இயலாமை வேறு என்று தெளிவுபடுத்தினார். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது கடினமே. திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 240-ஆம் எண்ணில், ஆறாத குழந்தைப் பருவக் காயங்கள் மணவாழ்வில் மீண்டும் எழும் என்று கூறி, அவற்றை முகங்கொண்டு குணமாக்கவே அழைக்கிறார். கரிசல் மண் கோடையில் வெடிக்கும் என்பதை அறிந்த சம்சாரி மண்ணைப் பழிப்பதில்லை. மண் அப்படித்தான் என்று தரிசாகவும் போடுவதில்லை. தன் மனம் எளிதில் விலகும் என்று அறிந்தவனுக்குக் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. சுபாவம் ஒத்துழைக்காத நாளுக்காக அன்றோ வாக்குறுதி தரப்படுகிறது?

மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல். 1152-ஆம் சட்டம் மன்னிக்குமாறு மனமார வேண்டுகிறது. ஆனால் வஞ்சிக்கப்பட்டவர் பிரிந்து வாழும் உரிமையையும் அதே மூச்சில் ஏற்கிறது. முன்னதை மட்டும் சொல்லி, பின்னதை மறைத்தோம் நாம்.

பின்னர் அந்தக் கணவரைத் தேடிச் சென்றோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், தகப்பன் நாலு வயதில் விட்டுப்போனதைச் சொன்னார். “யாரும் கடைசிவரை இருக்கமாட்டாங்கன்னு தோணும் சாமி. அதுக்கு முந்தி நாமளே போயிரணும்னு தோணும்.” நம் மனம் இளகியது. ஆயினும், “அதை உங்கள் மனைவியிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், அவர் என்ன முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றோம். நாமும் அத்தாயிடம் போய், அன்று சொன்னது தவறு என்றோம்.

அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்தார். “ஆபீஸ் வண்டி வந்திரும் சாமி” என்று சொல்லித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.