எந்தத் தோட்டா போதுமானது?

நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், சாளுவன்குப்பத்தில் ‘புலிக்குகை’ இருக்கிறது. பெயர்தான் புலி, பாறையில் செதுக்கப்பட்டவை யாளி முகங்களே. அங்கே நம்முடன் வந்த சிறுவன் ஒருவன், “உண்மையான புலி வந்தால் எவ்வளவு பெரிய தோட்டா வேண்டும், பாட்டி?” என்று வினவினான். சமணர் வீட்டுப் பிள்ளை கேட்கத்தக்க கேள்வியா இது என்று அதட்டிவிடத் தோன்றிற்று. ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாமே இதனை ஆராய்தல் வேண்டும் என்று உணர்ந்தோம்.

வேட்டைக்காரர்கள் இதைப் பற்றி நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். 1912இல் வெளிவந்த 0.375 அங்குலத் தோட்டா, ஏறத்தாழ 19 கிராம் குண்டை நொடிக்கு 760 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. யானை, காட்டெருமை போன்றவற்றிற்கு இதற்குக் குறைந்தது கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சட்டமே உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான பெல் என்பாரோ, அதனினும் மிகச் சிறிய தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்று, குறிதான் முக்கியம் என்றார். இரு சாராரும் கூறும் நியாயம் ஒன்றே: விலங்கு துன்புறாமல் உடனே இறத்தல் வேண்டும், அதுவே கருணை.

இதில் பாதி உண்மை இருக்கிறது. 1907இல் குமாவூன் மலைப்பகுதியில் சம்பாவத் பெண்புலியைக் கொன்ற ஜிம் கார்பெட், அதன் வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்ததைக் கண்டார். முன்னொரு நாள் யாரோ சுட்ட குண்டால் நேர்ந்த ஊனம் அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையாலேயே அது மனிதரைத் தின்னத் தொடங்கியது என்று எழுதினார். அப்புலிக்கு இரையானோர் 436 பேர் என்பது கணக்கு. சுட்டுவிட்டுச் சென்றவர் அவர்களுள் ஒருவரையும் அறிந்திருக்க மாட்டார். அரைகுறையாய்ச் செய்த வினை அங்ஙனம் பெருகிற்று.

ஆனால் வலிகுறைந்த கொலை கொல்லாமை ஆகிவிடுமா? யசோதர காவியக் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அவ்வரசன் பலியிட்டது உயிருள்ள சேவலை அன்று. மாவினால் செய்த சேவலை. அங்கே வலியும் இல்லை, குருதியும் இல்லை. எனினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால், அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். மாச்சேவலுக்கே அத்தனை வினை என்றால், மகிழ்ச்சிக்காக வேட்டையாடுவோன் தன் தோட்டாவின் அளவைக் காட்டி விடுபட முடியாது.

அங்ஙனமாயின் இக்கேள்வி நமக்கு வேண்டாததா? அன்று. இல்லறத்தாருக்கு நம் ஆன்றோர் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர்: சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம். வேட்டை முதல்வகை, அதை முற்றும் விலக்க வேண்டும். ஊரைக் காக்க வேறு வழியின்றிச் செய்வது இறுதிவகை. அதிலும் வினை உண்டு; ஆயினும் இல்லறத்தானால் அதனை முற்றும் தவிர்க்க இயலாது. அத்தகைய நேரத்தில் கருவியைச் சரிவரத் தேராமல் ஓர் உயிரைக் குற்றுயிராக்கி விடுவது ‘பிரமாதம்’, அதாவது கவனமின்மை. ஹிம்சையின் வேரே அதுதான் என்பது நம் ஆகமக் கொள்கை.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் இதனை ஒட்டியே நடக்கிறது. ஆட்கொல்லியே ஆயினும், பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாதென்று தெளிந்த பின்னரே கொல்ல ஆணையிடலாம். 2021இல் மசினகுடிப் பகுதியில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ‘டி23’ என்னும் புலியை, உடனே கொன்றுவிட வேண்டாம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. வனத்துறையினர் ஏறத்தாழ மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15ஆம் நாள் அதனை மயக்க ஊசியால் உயிருடன் பிடித்தனர். அம்மூன்று வாரமும் அச்சத்தில் வாழ்ந்த மலைவாழ் மக்களின் பொறுமையையும் நாம் மறத்தல் ஆகாது. அந்த அறத்தின் விலையைச் செலுத்தியவர்கள் அவர்களே.

மயக்க ஊசிக்கும் அளவு உண்டு. மருந்து குறைந்தால் விலங்கு ஓடி மறையும், மிகுந்தால் இறந்துபடும். ‘எவ்வளவு போதும்?’ என்ற பழைய கேள்வியே அங்கும் எழுகிறது. ஆனால் இப்போது அது உயிரைக் காக்கக் கேட்கப்படுகிறது.

அச்சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இது: “தோட்டாவின் அளவைப் பிறகு கேட்கலாம், கண்ணே. சுடாமல் இருக்க என்னென்ன செய்தோம் என்பதை முதலில் கேள்.”