உதிரும் முடியும் வளரும் நம்பிக்கையும்

தம் நிலையினின்றும் தாழ்ந்துபோன மாந்தருக்கு உவமை தேடிய வள்ளுவர், தலையை விட்டு உதிர்ந்த மயிரைக் காட்டினார். மானத்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வரும் உவமை அது. நாமோ அந்த உவமையைத் தலைகீழாக்கிவிட்டோம். நிலை இழிந்தவனை உதிர்ந்த மயிராகக் காண்பதை விட்டு, மயிர் உதிர்ந்தவனை நிலை இழிந்தவனாகக் காண்கிறோம். பெண் பார்க்கும் இடத்திலும் நண்பர் கூட்டத்திலும், முன்நெற்றி மேலேறிவிட்ட இளைஞன் குற்றம் புரிந்தவன்போல் கூசி நிற்கிறான்.

திருநின்றவூரிலிருந்து நாள்தோறும் காலையில் சென்னைக்கும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். உழைத்துப் பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதியை எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் முடிநடு சிகிச்சைக்குமாகச் செலவிட அவர்களுள் எத்தனையோ பேர் ஆயத்தமாக இருக்கின்றனர். புதிய மருந்துகள் வருகின்றன என்னும் செய்தி அவர்களுக்குத் தேனாக இனிக்கிறது. இந்த நம்பிக்கை தகுமா? இறைவன் தந்த உருவத்தில் நிறைவு காணாத மனத்தின் அடையாளமா இது?

இவ்வினாவுக்கு விடை காண, நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். பனூ இஸ்ராயீல் மக்களுள் தொழுநோயாளி ஒருவர், வழுக்கைத் தலையர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர் ஆகிய மூவரையும் சோதிக்க இறைவன் வானவர் ஒருவரை அனுப்பினான். உமக்கு விருப்பமானது யாது என்று வானவர் வினவியபோது, வழுக்கைத் தலையர் அழகிய முடியை வேண்டினார்; எதற்காக மக்கள் தம்மை அருவருக்கின்றனரோ அது தம்மை விட்டு நீங்கவும் வேண்டினார். வானவர் அவர் தலையைத் தடவினார், முடி வளர்ந்தது. செல்வமும் சேர்ந்தது. பின்னர் அதே வானவர் ஏழை உருவில் வந்து உதவி கேட்டபோது, அவர் பழையதை மறந்து மறுத்தார்; பெற்றதை இழந்தார்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. முடியை விரும்பியதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை, கேட்டது கொடுக்கப்பட்டது. நன்றி மறந்ததே குற்றமாயிற்று. அன்றியும், அவரை வருத்தியது மயிரின்மை மட்டுமன்று; மக்களின் அருவருப்பும்தான். நோயின் ஒரு பாதி அவர் தலையில் இருந்தது. மறுபாதி ஊரார் கண்ணில் இருந்தது.

எனவே மருந்து தேடுதல் தவறன்று. முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்னும் கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். ஆயின் வழுக்கை நோயா, முதுமையா? புழுவெட்டு என்று நாம் வழங்குவது ஐயமின்றி நோயே. அதில் புழு ஏதும் இல்லை. உடலின் தற்காப்புப் படையே மயிர்க்கால்களைப் பகையென எண்ணித் தாக்குகிறது. அது கடுமையாகக் கண்ட பெரியோருக்கு 2022ஆம் ஆண்டில் பாரிசிட்டினிப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பலருக்கு அது முடியை மீட்டுத் தந்திருக்கிறது. கடும் தொற்று, இரத்தக் கட்டி முதலியவை பற்றிய எச்சரிக்கையும் அதனுடன் வருகிறது.

ஆண்களின் பொது வழுக்கையோ மரபுவழியும் இயக்குநீர்வழியும் வருவது. வயதோடு கைகோத்து நடப்பது. அதற்கு இன்றும் முதன்மையாக உள்ளவை பழைய மருந்துகளே. குருதி அழுத்தத்துக்காகக் கண்டறியப்பட்ட மினாக்சிடில், உண்டவர்க்கு மயிரை வளர்த்ததால், 1988இல் தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997இல் வந்தது. இரண்டும் ஓரளவு பயன் தருவன. நிறுத்தினால் சில திங்களில் பயன் மறையும். ஃபினாஸ்டரைடு சிலருக்கு இல்லற வாழ்வில் குறையையும் மனச்சோர்வையும் தருவதுண்டு. தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவுகளுள் ஒன்றென 2025இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் உறுதிப்படுத்தியது.

வரப்போகும் மருந்துகளின் கதை வேறு. 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் ஆணின் தலைத்தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஒரு பெண்ணின் முன்கையில் வைத்தனர். அங்கே புதிய மயிர் முளைத்தது. வழுக்கைக்கு விடிவு பிறந்ததென்று பலர் மகிழ்ந்தனர். கால் நூற்றாண்டு கடந்தும் அது மருத்துவமனைச் சிகிச்சையாக மலரவில்லை. ஆய்வு பொய்யன்று, ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தொலைவு நீண்டது, அவ்வளவே.

அத்தொலைவை மறைத்து விற்பவனே கண்டனத்துக்குரியவன். காய்ச்சலுக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் கொத்துக் கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலும் சில திங்களில் தானே முளைத்துவிடும். அந்த வேளையில் எந்த எண்ணெயைத் தடவினாலும் புகழ் எண்ணெய்க்கே போகிறது! இத்தகைய மயக்கத்தை உணர்ந்துதான், வழுக்கையைத் தீர்ப்பதாகவோ புதுமுடி முளைக்கச் செய்வதாகவோ மருந்துக்கு உரிமை கொண்டாடலாகாது என்று இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தடுக்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது; விளம்பரம் வீதியில் இருக்கிறது.

இழப்பு பணத்தோடு நின்றுவிடுவதுமில்லை. 2016ஆம் ஆண்டு மே திங்களில் சென்னையில் முடிநடு சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர், சில நாட்களுக்குள் உயிரிழந்தார். மருத்துவம் பயின்றவருக்கே இந்நிலையென்றால், மற்றவர்கள் எத்துணை விழிப்போடு இருக்க வேண்டும்! சிகிச்சை செய்பவர் தகுதி பெற்ற மருத்துவரா, மயக்க மருந்து கொடுப்பவர் இறுதிவரை உடனிருப்பாரா, ஆபத்து நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டறிவது நம் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறையும் அதுதானே!

இனி அந்த மறுபாதி நோய்க்கு, ஊரார் கண்ணில் உள்ள நோய்க்கு, மருந்து என்ன? அது எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைப்பதன்று. கஅபாவின் கறுப்புக் கல்லை முத்தமிட்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைக் கண்ட தோழர் ஒருவர், அவர்களை வழுக்கைத் தலையர் என்றே குறிப்பிட்டதாக முஸ்லிம் நூலில் அறிவிப்பு உண்டு. அச்சொல்லால் அந்தக் கலீஃபாவின் மாண்பில் அணுவளவும் குறையவில்லை. திருநின்றவூர் என்றதும் தமிழுலகம் நினைப்பது பூசலார் நாயனாரை. கல்லும் பொருளும் கிட்டாமல் உள்ளத்திலேயே கோயில் எழுப்பியவர் என்று பெரியபுராணம் புகழ்வது அவரைத்தான். இறைவன் உங்கள் உருவங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையே பார்க்கிறான் என்னும் நபிமொழியை நெஞ்சில் கொண்ட நமக்கு, அவ்வூரின் பழங்கதை அயலாகத் தோன்றாது.

ஆகவே பெற்றோரே, மகனுடைய தலையைச் சுட்டி நகையாடாதீர்கள். மருமகனைத் தேடுவோரே, குணத்தையும் உழைப்பையும் முதலில் கேளுங்கள். இளைஞர்களே, மருந்து வேண்டுமானால் தகுதியுள்ள மருத்துவரிடம் செல்லுங்கள். உறுதிமொழி எத்துணைப் பெரிதோ அத்துணை ஐயம் கொள்ளுங்கள். திருமணப் பேச்சின்போது உள்ளதை மறைக்காதீர்கள். வழுக்கையை ஏற்றுக்கொள்ளும் மனைவி கிடைப்பாள், வஞ்சனையை ஏற்றுக்கொள்பவள் கிடைப்பது அரிது. புதிய மருந்து வெற்றி பெறுமாயின் இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். வராவிடினும் நம் மானத்துக்கு அதனால் இழுக்கில்லை.